அம்மப்பாவின் ஏ போர்ட்டியும் மச்சானின் பிஎம்டபிள்யூவும்

போன மாசம் ஒரு இரவு பதினொரு மணிக்கு மச்சான் வட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பினான். வெள்ளிச் சாம்பல் நிறத்தில் ஒரு பிஎம்டபிள்யூ 318ஐ. 2003ஆம் ஆண்டுக் கார், கொழும்பில் நிற்குது. கீழே ஒரே ஒரு சொல்: "வாங்கட்டா?"

"எவ்வளவு?" எண்டு கேட்டன். சொன்னான். ஒரு வாகன்ஆர் காசு.

இந்த நாட்டுக்கு வெளியில் இருக்கிற ஆக்களுக்கு இது விளங்காது. 660 சீசீ ஜப்பான் பெட்டி ஒன்றும், 2000 சீசீ ஜேர்மன் கார் ஒன்றும் எப்படி ஒரே விலை? 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிற்பாட்டியது. தனியார் வாகனங்களுக்குத் திரும்பக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் பெரிய வரியோடு. இடையில் அஞ்சு வருசம் நாட்டுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறின. எரிபொருள் குறைவாய்க் குடிக்கிறது, எந்தச் சந்தியிலும் பாகம் கிடைக்கிறது எண்டால் விலை மேலே போகும். பழைய ஐரோப்பியக் கார் அப்படி ஏறேல்லை. ஆகவே இருபது வருசப் பழைய பிஎம்டபிள்யூ ஒரு வாத்தியாருக்கும் எட்டிப் பிடிக்கலாம் போல ஒரு தோற்றம். மச்சான் வாத்தியார்தான்.

அவனிட்ட இருந்த காசு போதாது. மூன்றில் ஒரு பங்கு குறையுது. அதுக்கும் வழி யோசிச்சு வைச்சிருந்தான். கோண்டாவிலில் மாமா வீட்டு மால் கொட்டிலுக்குள் அம்மப்பாவின் ஒஸ்ரின் ஏ40 நிற்குது. கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற ஒரு ஆள் அதைக் கனநாளாய்க் கேட்டுக்கொண்டு இருக்கிறார். அதை விற்றால் கணக்குச் சரி. மாமா ஒன்றும் சொல்லேல்லை. மாமா ஒன்றும் சொல்லாததுதான் எங்களுக்குப் பிரச்சினை.

மச்சானுக்கு எழுதத் தொடங்கின பதில் நீண்டு இந்தக் கட்டுரையாகி விட்டது. ஐரோப்பியக் கார் ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கலாமா எண்ட கேள்வி எங்கட ஊரில் அவன் முதல் கேட்டதில்லை. அதே வீட்டில், அதே விறாந்தையில், 1973இலும் அது கேட்கப்பட்டது.

முதலில் அந்த ஏ போர்ட்டி எப்படி இஞ்ச வந்தது எண்டு பார்ப்பம்.

இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச நேரம் பிரித்தானியா வென்ற நாடு, ஆனால் கடன்கார நாடு. டொலர் வேணும், அதுக்கு ஏற்றுமதி வேணும். உருக்கைப் பங்கீட்டில் வைச்சிருந்த அரசாங்கம், கார்களை வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பனிகளுக்கே அதை முன்னுரிமையாய்க் கொடுத்தது. லோங்பிரிட்ஜில் இருந்த ஒஸ்ரின் தொழிற்சாலை 1947இல் ஏ40 டெவனை வெளியே விட்டது. 1952இல் அதே 1200 சீசீ எஞ்சினோடு, உடம்பை உருட்டித் திரட்டி சோமர்செட். 1954இல் கேம்பிரிட்ஜ். சொந்த நாட்டு ஆக்கள் பெயரைப் பதிஞ்சு போட்டு வருசக்கணக்காய்க் காத்திருக்க, கார்கள் கப்பல் ஏறி ஒஸ்ரேலியாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் சிலோனுக்கும் போயின. 1950 அளவில் உலகத்திலேயே கூடுதலாய்க் கார் ஏற்றுமதி செய்த நாடு பிரித்தானியாதான். இன்றைக்கு நம்பக் கஷ்டம்.

இன்னொரு சின்ன விசயம் இருக்கு, பின்னுக்கு எங்கட கதைக்கு அது மிக முக்கியம். பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீடு 1950 வரைக்கும் இருந்தது. பங்கீடு போன பிறகும் 1953 வரைக்கும் கம்பனிப் பெயர் இல்லாமல் எல்லாக் கம்பனிப் பெற்றோலையும் ஒன்றாய்க் கலந்து 'பூல்' எண்ட பெயரில் ஒரு மட்டமான பெற்றோலே விற்கப்பட்டது. அதின்ர ஒக்ரேன் 70 அளவுதான். இன்றைக்கு எங்கட செட்டில் விற்கிற சாதாரணப் பெற்றோல் 92. அப்படிப்பட்ட எரிபொருளுக்கு ஓடவேணும் எண்டதால் அந்தக் காலப் பிரித்தானிய எஞ்சின்கள் எல்லாம் மெதுவாய் நெரிக்கிற எஞ்சின்களாய்ச் செய்யப்பட்டன. லண்டன்காரன் பஞ்சத்துக்காகச் செய்த ஒரு சமரசம் நாற்பது வருசம் கழிச்சு யாழ்ப்பாணத்தில் வேலை செய்தது. அதுக்கு வாறன்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கார்களை ஆர் வாங்கினது? டொக்டர்மார், பிறக்ரர்மார், சுருட்டு வியாபாரத்தில் காசு கண்ட ஆக்கள், பிறகு மலாயா பென்சனியர்மார். மலாயா றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்து ஓய்வூதியத்தோடு திரும்பி வந்த தலைமுறை அது. நாச்சார் வீடு, முன்னுக்குப் போர்ட்டிக்கோ, அதுக்குள் ஒரு கார். போர்ட்டிக்கோ எண்ட சொல்லே எங்கட ஊர்க் கட்டடக் கலைக்குள் காரோடதான் வந்திருக்கும் எண்டு நான் நினைக்கிறன். மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், ஹில்மன், பிறகு போக்ஸ்வாகன், பீஜோ. ஆனால் ஊருக்கு ஊர் வாடகைக்கு ஓடினது கூடுதலாய் ஏ40தான். "ஏ போர்ட்டி" எண்டால் அது ஒரு மொடல் பெயர் இல்லை, ஹயர் கார் எண்ட அர்த்தத்தில் ஒரு தமிழ்ச் சொல்.

அம்மப்பாவின் கார் சோமர்செட். நம்பர் தகட்டில் இஎல் எண்ட ஆங்கில எழுத்துகள். இந்த எழுத்துகளுக்கும் ஒரு அரசியல் இருக்கு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு புது வாகனங்களுக்கு ஆங்கில எழுத்துக்குப் பதிலாய்ச் சிங்கள 'ஸ்ரீ' கட்டாயமாக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்தது. 1957, 1958 ஆண்டுகளில் தமிழ்ப் பகுதிகளில் வாகனங்களின் சிங்கள எழுத்து தார் பூசி அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் தமிழ் எழுத்து எழுதப்பட்டது. 1958இல் அரசுடைமையாக்கப்பட்ட பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்குக்கு அனுப்பப்பட, எதிர்ப்பு இன்னும் கூடினது. பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. ஏப்ரலில் பண்டாரநாயக்க செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாசம் கலவரம். ஒரு கார்த் தகட்டு எழுத்து ஒரு நாட்டை எங்க கொண்டுபோய் விடும் எண்டு அப்ப காரின்ர சொந்தக்காரர் ஆரும் நினைச்சிருப்பினமோ தெரியாது.

இதால ஒரு வேடிக்கையான பக்கவிளைவு வந்தது. 1956க்கு முந்தின இங்கிலிஸ் எழுத்துக் கார்களுக்கு எங்கட பக்கம் ஒரு தனி மரியாதை. அம்மம்மா இப்பவும் சொல்லுவா, "எங்கட காரில தார் பூச ஒண்டும் இருக்கேல்ல." பெருமை காருக்கா கொள்கைக்கா எண்டு நான் கேட்டதில்லை.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றே போனது. 1977இல் பொருளாதாரத்தைத் திறந்து விடும் வரைக்கும் நிலைமை அதுதான். இதை ஒருக்கா மனசில் வாங்கிக்கொள்ளுங்கோ. 2020இல் எங்களுக்கு நடந்தது போல, ஆனால் பதினஞ்சு வருசத்துக்கு மேல. நாட்டுக்குள் இருக்கிற கார்தான் கார். பழுதானால் திருத்து, இல்லாட்டில் நட. எங்கட கராஜ்காரரின் கெட்டித்தனம் எண்டு நாங்கள் பெருமையாய்ச் சொல்லுகிற எல்லாம் இந்தக் காலத்தில் முளைச்சதுதான். கெட்டித்தனத்துக்குப் பின்னால ஒரு வெறும் களஞ்சியம் இருக்கு.

இப்ப 1973. 1970இல் வந்த சிறிமாவோ அரசாங்கம் கார் மட்டுமில்லை, மிளகாய், வெங்காயம் எல்லாத்தின்ர இறக்குமதியையும் இறுக்கினது. கொழும்பில் பாணுக்கு வரிசை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரருக்கோ அது பொற்காலம். செத்தல் மிளகாய் விலை ஏறின ஏற்றத்தில், அதுவரை கடன்கார வீடுகளாய் இருந்தது எல்லாம் கல்வீடாய் மாறினது. அரசாங்கத்தை அரசியலாய் எதிர்த்துக்கொண்டே அதின்ர கொள்கையால் உழைச்ச தலைமுறை அது. அம்மப்பா அதில் ஒராள். சிவந்த மண் தோட்டம், வாழை, வெங்காயம், மிளகாய்.

அந்தக் காசோடு விறாந்தையில் ஒரு கூட்டம் நடந்ததாம். சின்னம்மப்பா சொன்னது ட்ரக்ரர் வாங்கச் சொல்லி. அம்மம்மா சொன்னது தாலிக்கொடியை நிறை கூட்டிச் செய்யச் சொல்லி. அம்மப்பா சொன்னது கார். ஒரு டொக்டர் இருபது வருசம் ஓடின ஏ40. அவர் வெளிநாடு போறார், விற்கிறார். "தோட்டக்காரனுக்கு ஏன் கார்?" எண்டு சந்தியில் கதைச்சினமாம். அதை அம்மம்மா சொல்லேக்குள்ள இப்பவும் குரல் மாறும். டொக்டர் ஓடின காரை ஒரு கமக்காரன் வாங்கினது அந்த ஊர் அடுக்குக்குச் சின்ன விசயம் இல்லை. எங்கட சமூகத்தில் ஆர் எந்தக் கதிரையில் இருக்கலாம் எண்டது போல, ஆர் எந்தக் காரில் ஏறலாம் எண்டும் எழுதாத சட்டம் இருந்தது. கார் வாங்க எல்லாருக்கும் காசு மட்டும்தான் தடையாய் இருந்தது எண்டு சொன்னால் அது பொய்.

அம்மப்பாவுக்கு வேற கணக்கு. எஞ்சின் பொனற்றைத் திறந்தால் எல்லாத்தையும் கண்ணால் காணலாம். கார்பரேற்றர் ஒன்று, டிஸ்ரிபியூட்டர் ஒன்று, நாலு பிளக். கோண்டாவில் பட்டறையில் அதைப் பிரிச்சுப் பூட்டக்கூடிய மூன்று பேர் இருந்தினம். அதோடு ஒஸ்ரினும் மொறிஸும் 1952இலேயே ஒரே கம்பனி ஆகிட்டுது. இந்த ஏ40 எஞ்சினை வைச்சு வளர்த்த 'பி சீரிஸ்' எஞ்சின்தான் பிறகு கேம்பிரிட்ஜிலும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டிலும் போனது. ஒக்ஸ்போர்ட்டோ இந்தியாவுக்குப் போய் 1957 தொடக்கம் அம்பாசடர் ஆனது, 2014 வரைக்கும் அங்க செய்தினம். பாக்குநீரிணைக்கு அங்கால ஒரு தொழிற்சாலை உங்கட காரின்ர ஒன்றுவிட்ட சகோதரத்தைச் செய்துகொண்டிருக்கு எண்டால் அது சின்ன ஆறுதல் இல்லை. அம்மப்பா வாங்கினார். பகலில் தோட்டம், பின்னேரம் ஹயர். பிரசவம், சாவீடு, சந்நிதி, நயினாதீவுக்குப் போறவையைக் குறிகட்டுவான் வரைக்கும்.

1977க்குப் பிறகு ஜப்பான் கார்கள் வந்து குவிஞ்சன. ஏ போர்ட்டி கிழட்டுக் கார் ஆனது. மாமா அப்பவே விற்கச் சொல்லி நின்றவராம். நல்லகாலம் ஆரும் கேட்டு வரேல்லை.

1990 ஜூனில் திரும்பவும் போர் தொடங்கினது. குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, பற்றறி இல்லை, மின்சாரம் இல்லை. ஆனையிறவுப் பாதை மூடி, ஆக்கள் கிளாலிக் கடலால் இரவில் வள்ளத்தில் போய் வந்த காலம். எங்கட வயசு ஆக்களுக்கு இது எல்லாம் கேட்டுக் கேட்டு மரத்துப்போன கதை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது, ஜாம் போத்தல் விளக்கில் படிச்சது. நானும் இப்படியான கதை தொடங்கினால் போனை எடுக்கிற ஆள்தான். ஆனால் கார் ஓடின கதையை ஒருக்கா எஞ்சின் பக்கத்தில் இருந்து பாருங்கோ.

மண்ணெண்ணெய் தட்டுப்பாடாய் எண்டாலும் கிடைச்சது. பெற்றோல் கிடைச்சால் அது மருந்துபோல, அவுன்ஸ் கணக்கில். கேள்வி: பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுமா? குளிர்ந்த எஞ்சினில் ஓடாது, ஏனெண்டால் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. அதால முதல்ல கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல். மாமா செய்தது சேலைன் போத்தலும் குழாயும். பொனற்றுக்குள் போத்தலைத் தூக்கிக் கட்டி, சொட்டுச் சொட்டாய் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறினதும் பெற்றோலைப் பூட்டிப்போட்டு மண்ணெண்ணெய்த் தாங்கியைத் திறக்கிறது. நோயாளிக்கு ஏற்றுகிறதும் காருக்கு ஏற்றுகிறதும் ஒரே போத்தல்.

இது யாழ்ப்பாணத்தான் கண்டுபிடிச்சது எண்டு நாங்கள் மார்தட்டுவம். முழுக்க உண்மையில்லை. இங்கிலாந்துப் பண்ணைகளில் ஓடின சாம்பல் நிற பெர்குசன் ட்ரக்ரரில் ஒரு வகை இப்படியே செய்யப்பட்டது. சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய் இனத்து எண்ணெய், சூடேறினதும் மாற்றுகிறது. யாழ்ப்பாணத்தில் நடந்தது, கம்பனி ட்ரக்ரருக்குச் செய்ததைக் கம்பனி யோசிக்காத காருக்குக் கராஜ்காரர் செய்தது. அதுவே போதும் பெருமைக்கு.

ஏ40க்கு அது ஏன் சரிவந்தது எண்டதுக்கு மறுமொழி அந்தப் பூல் பெற்றோலில் இருக்கு. எஞ்சின் காற்றையும் எரிபொருளையும் கலந்து நெரிச்சு, பிறகு பிளக்கால் பொறி கொடுக்குது. நெரிக்கிற அளவு கூடக் கூட வலு கூடும். ஆனால் மட்டமான எரிபொருள் எண்டால் பொறி எரிய எரியவே மிச்சம் தன்பாட்டில் வெடிச்சு எஞ்சினை அடிச்சு உடைக்கும். 'நொக்கிங்' எண்டுறது அதைத்தான். மண்ணெண்ணெயின்ர ஒக்ரேன் மிகக் குறைவு. ஏ40 நெரிக்கிறது ஏழு மடங்கும் சொச்சமும். அதுவும் மண்ணெண்ணெய்க்குக் கூடத்தான். அதால ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளி, சிலர் எஞ்சின் தலைக்குக் கீழே இன்னொரு கஸ்கற்றையும் வைச்சு நெரிப்பைக் குறைச்சினமாம். இது எங்கட கராஜ் பாஸ் சொன்னது. மச்சான் கேட்ட பிஎம்டபிள்யூ நெரிக்கிறது பத்து மடங்கு. அதுக்குள் மண்ணெண்ணெய் போகவே போகாது, போனாலும் அதின்ர கொம்பியூட்டர் விடாது.

காரும் கஷ்டப்பட்டது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிஞ்சு எஞ்சின் ஓயிலோடு கலக்கும். டிப் ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் ஓயில் குறையாமல் கூடியிருக்கும். கூடினது ஓயில் இல்லை. அதால அடிக்கடி ஓயில் மாற்றவேணும். மாற்ற ஓயில் இல்லை. பாகம் இல்லை, கடைச்சல் பட்டறையில் செய்விச்சது. இதில் எனக்கு எப்பவும் வலிக்கிற ஒரு ஒப்பீடு இருக்கு. இங்கிலாந்தில் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் திருத்துகிற நிலையம் நடத்தின சாள்ஸ் வேர் எண்டவர், 1990களில் மைனருக்கான உடற்பாகங்களைச் செய்விச்சு எடுத்தது இலங்கையின் தெற்கில். இதே தீவில் செய்த மைனர் பாகம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினது. ஆனையிறவைத் தாண்டி வடக்குக்கு ஒரு பிளக் வரேலாது.

1995 ஒக்டோபர் 30 இரவு. வலிகாமம் முழுக்க ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்த நாள். நாவற்குழிப் பாலம், கோப்பாய் வெளி, மழை, இலட்சக்கணக்கான சனம். ஏ போர்ட்டிக்குள் அம்மப்பாவின் வயசான தாய், பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்று ஒன்பது நாளான ஒரு பெண், அரிசி மூட்டை, தெருவில் ஏற்றின இரண்டு பிள்ளைகள். மாமா ஓடினார். நடக்கிற சனத்தின்ர வேகத்தில்தான் ஓடலாம், அந்த வேகத்தில் எஞ்சின் கொதிக்கும். கொதிச்சால் நிற்பாட்டவேணும். நிற்பாட்டினால் திரும்ப ஸ்ரார்ட் பண்ணப் பெற்றோல் வேணும். போத்தலில் இருந்தது மூன்று தரத்துக்குக் காணும். மாமா மற்றது எல்லாம் கதைப்பார், அந்த இரவில் எத்தனை தரம் நிற்பாட்டினவர் எண்டு கேட்டால் எழும்பிப் போயிடுவார். சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தினம். ரேடியேற்றருக்கு வழி முழுக்க வெள்ளத் தண்ணி மொண்டு ஊற்றினது அம்மா. அவவுக்கு அப்ப பத்தொன்பது வயசு.

2002 ஏப்ரலில் ஏ9 திறந்தது. மோட்டார் சைக்கிளும் வானும் வந்து குவிஞ்சன. கூடவே தெற்கில் இருந்து பழைய சாமான் தேடி ஆக்கள் வந்தினம். பித்தளை, தேக்குக் கதவு, பழைய கார். எங்கட வீட்டுக்கும் ஒராள் வந்து நல்ல விலை சொன்னவர். அம்மப்பா அப்ப இருந்தவர். "அது ஓடுது" எண்டு மட்டும் சொன்னாராம். ஓடுகிற சாமானை ஏன் விற்பான் எண்டது அவரின்ர வாதம். 2006 ஓகஸ்ட்டில் பாதை திரும்ப மூடினபோது அந்தக் கதை விறாந்தையில் கொஞ்சக்காலம் ஓடினது.

சரி, இனி பிஎம்டபிள்யூ.

நியாயமாய் எழுதவேணும். பழைய காரைப் புகழ்ந்து புதுக்காரைக் கரிச்சுக் கொட்டுகிறது லேசான வேலை. 1959 டிசெம்பரில் பிஎம்டபிள்யூ கம்பனியே டைம்லர் பென்சுக்குள் விழுங்கப்பட இருந்தது. பங்குதாரர் எதிர்த்து நின்று, குவாண்ட் குடும்பம் காசு போட்டுக் காப்பாற்றினது. அதுக்குப் பிறகு 1960களில் அவை செய்த நாலு கதவுக் கார்தான், வீட்டுக்காரை ஓட்டப்பந்தயக் கார் போல ஓட்டலாம் எண்ட யோசனையைப் பெரிய சந்தையாக்கினது. 3 சீரிஸ் 1975இல் வந்தது. மச்சான் கேட்டது அதின்ர நாலாவது தலைமுறை, கார் பைத்தியங்கள் 'ஈ46' எண்டு சொல்லுறது. முன் பின் சில்லுகளுக்குப் பாரம் சரிபாதி, பின் சில்லுத் தள்ளும். நான் ஒருக்கா கொழும்பில் ஒரு நண்பனின்ர இதே மொடலை ஓடிப் பார்த்தனான். வளைவில் ஸ்ரேரிங் கையோடு கதைக்கும். உண்மையாய் நல்ல கார்.

ஆனால் எந்த றோட்டுக்கு? 200க்கு மேல ஓடுகிற கார். இந்த நாட்டில் ஊருக்கு வெளியில் காருக்கு 70தான் வேகம், அதிவேகப் பாதையில் 100. அதிவேகப் பாதை வடக்குக்கு இன்னும் வரேல்லை. யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றரும் பொலிஸ்காரரின் வேகக் கணிப்பானுக்குப் பயந்துதான் ஓடவேணும். ஊருக்குள் ஒழுங்கை, வேலி, குறுக்கால வருகிற ஆடு.

நாங்கள் இரண்டு பேரும் படத்தைக் கொண்டு கராஜ் பாஸிட்டப் போனம். எழுபது வயசு தாண்டின ஆள், ஏ40 தொடக்கம் ஹைப்ரிட் வரைக்கும் பார்த்தவர். கண்ணாடியைப் போட்டுப் பார்த்திட்டு முதல் கேட்டது: "தம்பி, இது 2001க்கு முந்தினதோ பிந்தினதோ?"

மச்சான் 2003 எண்டான்.

"அப்ப புது எஞ்சின்."

அவர் சொன்னதை நான் பிறகு தேடிப் பார்த்தன், சரி. 2001இல் 318ஐக்கு 'வல்வெட்ரொனிக்' எண்ட முறை உள்ள எஞ்சின் வந்தது. வால்வு எவ்வளவு திறக்கிறது எண்டதை ஒரு மின் மோட்டார் மாற்றிக்கொண்டே இருக்கும். கெட்டிக்காரத்தனமான எஞ்சின், பெற்றோலும் மிச்சம். ஆனால் ரைமிங் செயினைப் பிடிச்சுக்கொள்ளுகிற வழிகாட்டிகள் பிளாஸ்ரிக், வயசு போக உடையும். வால்வு சீல் காய்ஞ்சு ஓயில் எரியும். அதுக்கு முந்தின 1.9 எஞ்சின் எட்டு வால்வு, வலு குறைவு, ஆனால் எளிமை. இரண்டிலும் குளிரூட்டுகிற தண்ணித் தாங்கி பிளாஸ்ரிக். இருபது வருசச் சூட்டில் அது பிஸ்கற் மாதிரி ஆகிடும். எங்கட வெயிலில் அது வெடிக்கும் நாள் தெரியாது, இடம் தெரியும் எண்டார் பாஸ். "எங்க?" எண்டன். "மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையில. எப்பவும் அங்கதான்."

மச்சான் சிரிச்சான், நானும். பாஸ் சிரிக்கேல்லை.

"திருத்த ஏலாதெண்டில்லை," எண்டார். "என்ர பெடியனிட்ட ஸ்கானர் இருக்கு. பாகம் பஞ்சிகாவத்தையில வரும், இல்லாட்டி டுபாயால வரும். ஆனா முந்தி கார் பழுதெண்டா நான் காரைக் கேப்பன். இப்ப கொம்பியூட்டரைக் கேட்டு, அது சொல்லுற பாகத்தை வாங்கிக் குடுக்கிறன். வாங்குற காசு மட்டும் எண்டு நினையாதை. அதே காசை இன்னொருக்கா ஒரு பக்கம் வைச்சிரு. வைக்க ஏலுமெண்டா வாங்கு."

வரேக்குள்ள மச்சான் கதைக்கேல்லை. ஒழுங்கை முடக்கில் வந்துதான் சொன்னான்: "அம்மப்பாவும் இப்பிடித்தானே கேட்டவர். தோட்டக்காரனுக்கு ஏன் கார் எண்டு சனம் சொல்லேக்குள்ள வாங்கினவர்தானே." நான் இந்தக் கட்டுரையை முழுக்க எழுதி வைச்சிருந்த நேரம் அது, அந்தக் கேள்விக்கு என்னட்ட மறுமொழி இருக்கேல்லை. உண்மைதான். ஆசைப்பட்டதை வாங்குகிறதுக்கு ஒரு கமக்காரனுக்கு இருந்த உரிமை ஒரு வாத்தியாருக்கும் இருக்கு. வரலாறு படிச்ச நான், அவனுக்கு முன்னால மதகில் இருந்து "உனக்கு ஏன் பிஎம்டபிள்யூ?" எண்டு கேட்ட கிழவன்மாரில் ஒராளாய் நின்றுகொண்டிருந்தன்.

வித்தியாசம் ஒன்று இருக்கு எண்டுதான் இப்பவும் நினைக்கிறன். அம்மப்பா வாங்கேக்குள்ள அவரிட்டக் கார் இருக்கேல்லை. எதையும் விற்று வாங்கேல்லை, மிளகாய்க் காசு. 2022இல் பெற்றோல் வரிசையில் நாங்கள் கியூஆர் கோட்டோடு நின்றபோது மாமா கொட்டிலுக்குள் போய்ப் பழைய சேலைன் போத்தலைத் தேடி எடுத்து வைச்சதை மச்சானும் கண்டவன். அப்ப அவன் அதைப் படம் எடுத்துப் பகிடியாய் எங்கட குறூப்பில் போட்டவன். வாரத்துக்கு ஒதுக்கின நாலு லீற்றரோ எவ்வளவோ, அதிலும் பாதி மாமா ஏ போர்ட்டிக்கு வைச்சார்.

இதை நான் அவனுக்குச் சொல்லேல்லை. மாமாதான் அண்டு இரவு சாப்பிடேக்குள்ள வாயைத் திறந்தார். விற்காதை எண்டு சொல்லேல்லை. "விக்கிறதெண்டா ரேடியேற்றரை மாத்திப்போட்டுக் குடு. கொதிக்கும் எண்டு சொல்லிக் குடு" எண்டார். பிறகு சோத்துக்குப் புளி கேட்டார்.

2003 கார் வேண்டாம் எண்டு மச்சான் அடுத்தநாள் விற்கிற ஆளுக்குச் செய்தி அனுப்பினான். ஏ போர்ட்டி கேட்டவருக்கும் அனுப்பினான். ஆசை போகேல்லை. சேர்த்த காசுக்குள் அடங்கக்கூடியதாய், பழைய எஞ்சினோடு 1999 ஒன்று வெள்ளவத்தையில் நிற்குதாம், தண்ணித் தாங்கி புதுசாய் மாற்றினதாம், பில்லும் இருக்காம். ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிடுகிறம். பாஸும் வாறார், ஸ்கானரோடு அவரின்ர மகனும். மாமா தான் முன் சீற்றில் இருப்பன் எண்டு இப்பவே சொல்லிப்போட்டார்.